டெல்டாவின் தலை எங்கே?

கேள்வி: பாறையைப் பிளந்து வாயு எடுப்பதைக் காவிரிப் படுகை மக்கள் ஏன் எதிர்த்தார்கள்? திருச்சி, ஸ்ரீரங்கத்துக்கு இதில் என்ன வேலை?

பதில்: மணலும் ரசாயனமும் கலந்த நீரைக் கடும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பது ஒரு முறை. நிலக்கரிப் படுகையின் மீத்தேன் என்றால் நிலத்தடி நீரையும் இறைத்துக் கொட்ட வேண்டும். கர்நாடகத்திடம் தண்ணீர் கேட்டு வழக்காடும் மக்களிடம், இருக்கும் நீரையும் இறைக்கிறோம் என்றால் மாலையா போடுவார்கள்?

மன்னார்குடி வட்டாரத்தில் இந்த மீத்தேனை எடுக்க 2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனம் ஒப்பந்தம் பெற்றது. ஊர் ஊராக எதிர்ப்பைத் திரட்டிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பரில் அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2015இல் தமிழக அரசு திட்டத்தைத் தடுத்தது. 2017இல் வந்த ஹைட்ரோகார்பன் திட்டத்தையும் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் ஏற்கவில்லை.

2020 பிப்ரவரியில், இத்தகைய புதிய திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக டெல்டா அறிவிக்கப்பட்டபோது திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டப் பகுதிகளும் அதில் இருந்தன. அதே மாதம் சட்டம் வந்தபோது மூன்றையும் காணோம்! திருச்சி அருகே முக்கொம்பில்தான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கம். டெல்டாவின் தலைவாசலையே வெளியே நிறுத்திய சட்டம், ஏற்கெனவே இயங்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் தொடவில்லை.