குற்றம் நூலுக்கா, ஆளுக்கா?

கேள்வி: என் மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைத் தமிழாசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவர் 'வாழ்த்துக்கள்' என்றார். 'க்' வராது என்று இன்னொருவர் பாய்ந்தார். நள்ளிரவு வரை சண்டை. மகளை வாழ்த்த யாருக்கும் நேரமில்லை.
– தமிழாசிரியை, திண்டுக்கல்

பதில்: மகளுக்கு என் வாழ்த்து! ஒருமையில் சொல்லிவிட்டேன், இரண்டு கட்சியும் என்னை விட்டுவிடும். நல்ல செய்திக்கும் துக்கச் செய்திக்கும் கீழே சிவப்பு மையை எடுக்கவே கூடாது. அந்த 'க்'கைப் பேசித்தான் ஆக வேண்டுமென்றால் மறுநாள் தனியாகத் தொடங்கட்டும். நானும் வந்து படிப்பேன்.

கேள்வி: இலக்கணம் படித்தவர்கள் கூடினால் வாதம் வரத்தானே செய்யும்? அதற்குமா தடை?
– முதுகலை ஆசிரியர், ஈரோடு

பதில்: தாராளமாக வரட்டும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முந்திய உரைகாரரான இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கிறார். அந்த மறுப்புகளால்தான் சொல்லதிகாரத்தின் எத்தனையோ முடிச்சுகள் நமக்கு அவிழ்கின்றன. மறுக்கும்போதும் அவரை 'உரையாசிரியர்' என்றே குறிப்பிடுகிறார். இன்றைக்கு நம் குழுக்களில் மறுப்பு வருவதற்கு முன்பே, "எந்தக் கல்லூரியில் படித்தீர்கள்?" வந்துவிடுகிறது.

13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் ஏழு மதங்களை, அதாவது பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு வழிகளை, வகுத்து வைத்தார். மறுக்கலாம், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பிறகு களையலாம், தானே ஒன்றை நாட்டி நிறுவலாம், இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணியலாம், யாரோடும் சேராமல் தன் கொள்கையிலேயே நிற்கலாம். குற்றம் காட்டவும் இடமுண்டு. ஆனால் அவர் சொல்வது பிறர் நூலின் குற்றத்தை; நூல் எழுதியவரின் குற்றத்தை அல்ல. இந்த ஏழில் முதலாவது என்ன தெரியுமா? உடன்படுதல். பல குழுக்களில் இரண்டாவதிலிருந்துதான் பாடமே தொடங்குகிறது!

நூலை விட்டு ஆளைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு வள்ளலாரின் பாடல்கள் அருளால் வந்தவையா, மருளால் வந்தவையா என்று 19ஆம் நூற்றாண்டில் நடந்த அருட்பா–மருட்பா சண்டையே சாட்சி. வள்ளலாரும் ஆறுமுக நாவலரும் தமிழுக்கு எவ்வளவோ கொடுத்தவர்கள். அவர்களைச் சுற்றி மூண்ட கண்டன யுத்தம் கடைசியில் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறியது. எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் குழுவில் வலிமிகும் இடத்தைத் தவறாகச் சொல்லிவிட்டார். எல்லாரும் கைகூப்பும் படம் போடுகிறார்கள். நான் என்ன செய்ய?
– இளநிலை ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: முதலில் தொலைபேசியில் கூப்பிடுங்கள். "ஐயா, எனக்கு ஓர் ஐயம், நன்னூல் காண்டிகையுரையில் வேறுமாதிரி இருக்கிறதே" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே குழுவில் திருத்திவிடுவார். திருத்தாவிட்டால், மரியாதை குறையாமல் நூற்பா எண்ணோடு நீங்களே குழுவில் எழுதத்தான் வேண்டும். கைகூப்பியவர்களில் பாதிப்பேர் நாளைக் காலை அதைக் கரும்பலகையில் எழுதப் போகிறார்கள். ஐயாவின் மனம் பெரிது; பத்தாம் வகுப்புப் பிள்ளையின் மதிப்பெண் அதைவிடப் பெரிது.

கேள்வி: கோபத்தில் ஒருவரைத் திட்டிப் பதிவிட்டுவிட்டேன். இப்போது அழித்தால் 'அழிக்கப்பட்டது' என்று காட்டிக் கொடுக்குமே?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: காட்டட்டும், அழியுங்கள். இன்றைக்கே பேசி மன்னிப்பும் கேட்டுவிடுங்கள். விடைத்தாள் திருத்தும் முகாமில் அவருக்கும் உங்களுக்கும் ஒரே மேசையாகப் போட்டுவிடப் போகிறார்கள்.