எண்பது வீதக் கால்

ஓகஸ்டில் வருகிறவரை யாழ்ப்பாணத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் ஊர் முழுக்க வெளிநாட்டார்தான். பிள்ளைகளுக்கு வெய்யிலில் முகம் சிவந்திருக்கும். தகப்பன்மார் வேட்டிக்கு மேலே பெல்ற் கட்டியிருப்பார்கள். கொடி இறங்க அவர்களும் புறப்பட்டுவிடுவார்கள். ஆனால் தை மாதத்தில், பெஞ்சாதி பிள்ளை ஒருவரும் இல்லாமல், ஒரு மனிதர் தனியே வந்து இறங்கினால் ஒழுங்கை விழித்துக்கொள்ளும். காணி விற்க வந்திருக்கிறார், அல்லது வீட்டில் பிரச்சினை. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

அந்த மூன்றாவது காரணத்தோடு வருகிறவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவருக்குக் காலிலோ கையிலோ ஒரு முறிவு இருக்கும். அதை ஊர்ச் சூட்டில் காய வைத்துச் சுகமாக்க வருவார். வாசலில் குவிந்த ஸ்னோவை வழிக்கப்போய் முதுகு பிடித்த கனடா அண்ணை, பஸ்ஸுக்கு ஓடி ஐஸில் வழுக்கி மணிக்கட்டை முறித்த நோர்வே அண்ணை என்று இந்த இனத்தில் பலர் உண்டு. ஆனால் இனத்துக்கே தலைவர் சுவிஸ் அண்ணைதான். மற்றவர்கள் சும்மா விழுந்தவர்கள். சுவிஸ் அண்ணை மட்டும் "ஸ்கீ ஓடேக்க" விழுந்தவர்.

எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர் டாவோஸ்காரர். கட்டுநாயக்காவில் சக்கர நாற்காலியில் வரிசையைத் தாண்டி வெளியே வந்து, 400 கிலோமீற்றரையும் வான் ஒன்றில் காலை நீட்டியபடி கடந்தவர். சென்னைக்கு வந்து பலாலிக்கு ஒரு பறப்புப் பறந்திருக்கலாமே என்று கேட்டதற்கு, "அது சின்னப் பிளேன், கால் நீட்ட ஏலாது" என்றார். வந்த அன்றே ஓர் அறிவித்தலும் விடுத்தார். "டொக்டர் தனிய இருந்து றெஸ்ற் எடுக்கச் சொன்னவர். ஆக்களோட கனக்கக் கதைக்கக் கூடாது."

வீட்டின் பின்பக்கம் மாமர நிழலும் கிணற்றடிக் காற்றும் உண்டு. தனிமைக்கு அதைவிட நல்ல இடம் வலிகாமத்தில் கிடையாது. அண்ணை சாய்மனைக் கதிரையை முன் விறாந்தையில் போட்டார். கேற்றைப் பார்த்தபடி போட்டார். கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்து, பாதத்தை றோட்டுக்குக் காட்டியபடி படுத்தார். ஊன்றுகோல் இரண்டும் சுவரில் சாய்ந்து நின்றன. மடியில் போன், போனுக்குள் எக்ஸ்ரே. படலை திறக்கிற சத்தம் கேட்டால் கை தானாகப் போனுக்குப் போகும். இரண்டு விரலால் எலும்பைப் பெருப்பித்து, ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுக் காட்டுவார். வந்தவர் தலையாட்டி, மேசையில் நெஸ்டமோல்ட்டை வைத்துவிட்டு, "பெஞ்சாதி வரேல்லையோ?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு மட்டும் அண்ணைக்குக் கால் நோகத் தொடங்கிவிடும்.

காணிச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது அந்த 80 வீதம். சுவிஸில் வேலை செய்கிற ஒருவர் விபத்தில் அகப்பட்டால், மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 வீதத்தைக் காப்புறுதி கொடுக்கும். வேலையில் விழுந்தாலும் சரி, விடுமுறையில் விழுந்தாலும் சரி. அண்ணை இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று பின்னேரமே கடைச் சந்திவரை செய்தி போய்விட்டது. ஒரு பிராங் முந்நூறு ரூபாய்க்கு மேலே போகிற காலம். படுத்திருக்கிற ஒரு மனிதனுக்கு மணித்தியாலக் கணக்கில் என்ன விழுகிறது என்று மனக்கணக்குப் பார்க்கத் தெரியாதவர் எங்கள் ஒழுங்கையில் இல்லை. அதன் பிறகு அவரைப் பார்க்க வந்தவர்கள் முகத்தைவிடக் காலையே மரியாதையாகப் பார்த்தார்கள். ஓட்டோக்காரத் தம்பி ஒருநாள் கேட்டே விட்டான்: "கெதியாச் சுகமாகிப் போனா நட்டமெல்லே, அண்ணை?"

பராமரிப்பு முழுவதும் பெரியம்மாவின் கையில். எண்பது தாண்டிய மனுஷி. எலும்பு முறிவென்றால் பரியாரியாரிடம் போய்ப் புக்கை கட்டவேண்டும், முறிவெண்ணெய் பூசவேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

"அதெல்லாம் தேவையில்லைப் பெரியம்மா. உள்ளுக்குத் தகடு வைச்சிருக்கு."

கிழவி நெஞ்சில் கை வைத்தார். குரல் இறங்கிவிட்டது. "தகடோ? ஆர் மோனை வைச்சது?"

"டொக்டர்மார்தான்."

"டொக்டரைப் பிடிச்சு வைப்பிச்சது ஆர்?"

அடுத்த நாள் காலை வாசலில் ஒரு தேசிக்காய் நறுக்கிக் கிடந்தது. அண்ணையின் ஒன்றுவிட்ட மச்சாள் ஒருத்தி ஏன் அதன் பிறகு அந்தப் படலைக்குள் வரவில்லை என்பது குடும்ப விஷயம், விட்டுவிடுவோம்.

சாப்பாட்டில்தான் அண்ணை உண்மையில் உடைந்தார். விமானத்தில் ஏறும்போதே நண்டுக்குழம்பு, கணவாய்க் கறி, இறால், கத்தரிக்காய் வெள்ளைக்கறி என்று மனதுக்குள் ஒரு வரிசை போட்டு வந்தவர். பெரியம்மா அந்த வரிசையை அப்படியே திருப்பி, கூடாத சாமான்களின் வரிசை ஆக்கினார். நண்டு கிரந்தி. கணவாய் கிரந்தி. இறாலும் கத்தரிக்காயும் சொல்லத் தேவையில்லை. காயம் சீழ் பிடிக்கும். கிடைத்ததெல்லாம் சரக்குத் தூள் போட்ட பத்தியக் கறியும் முருங்கையிலைச் சொதியும்தான். பத்து மணிக்குப் பிறகு, பெரியம்மாவின் குறட்டை ஒரு நிதானத்துக்கு வந்ததும், ஓட்டோ விளக்கை அணைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்து நிற்கும். ஒற்றைக் காலில் ஒரு மனிதர் அவ்வளவு சத்தமில்லாமல் படலை தாண்டலாம் என்று நான் நினைத்திருக்கவில்லை. நடுச்சாமத்தில் திரும்புகிறவரின் விரலில் நண்டுக்கறி மணக்கும். விடிய எழும்பிப் பத்தியக் கறியை ஒரு சொட்டும் விடாமல் குடிப்பார். அதிகாலையில் பனி இறங்குகிறதென்று பெரியம்மா துவாயால் தலையைக் கட்டிவிடுவார். மைனஸ் பதினைந்தில் நின்ற மனிதர் அதற்கும் தலையைக் குனிந்து கொடுப்பார்.

ஓய்வுபெற்ற ஆங்கில மாஸ்டர் ஒருவர் நாள் தவறாமல் வருவார். மற்றவர்கள் காலைப் பார்க்க வந்தார்கள். மாஸ்டர் டாவோஸைப் பார்க்க வந்தார். அவர் அந்த ஊருக்குப் போனதில்லை, படித்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் போய் வந்தவனைவிடப் படித்தவனுக்குத்தான் அதிகம் தெரியும் என்பது வழக்கம்.

"டாவோஸ் முதலிலை கசநோய்க்காரற்றை ஊர், தெரியுமோ? பல்கனியிலை கம்பளியைச் சுத்திக்கொண்டு மாதக்கணக்காக் காத்து வாங்கிக்கொண்டு கிடப்பினம். ஸ்கீ எல்லாம் பிந்தித்தான். ஷெர்லக் ஹோம்ஸ் எழுதின கொனன் டொயில் பெஞ்சாதியின்ர கசநோய்க்காக அங்கை போனவர். 1894 மார்ச்சிலை காலிலை பலகையைக் கட்டிக்கொண்டு, மலையைத் தாண்டி அறோசாவுக்குப் போனவர். உள்ளூர் அண்ணன் தம்பி இரண்டுபேர் துணை. சரிவிலை பாதி வழி குண்டியாலை சறுக்கி, காற்சட்டை தேஞ்சு போச்செண்டு அவரே எழுதியிருக்கிறார். நீர் அந்தப் பாதையாலை போனனீரோ?"

"அந்தப் பக்கம் இப்ப சனம் கூட, மாஸ்டர்."

"1934 இலை சுவிஸிலை முதல் இழுவை லிப்ற் போட்டதும் அங்கைதானே. அதிலை ஏறினனீரோ?"

"லிப்ற்றிலை ஏறாத நாளில்லை" என்றார் அண்ணை. அதை அவர் சொன்ன வேகத்தில் ஓர் உண்மை இருந்தது.

ஜனவரியில் உலகத் தலைவர்கள் பொருளாதாரம் பேச அங்கே கூடுவதை மாஸ்டர் தொட்டால் அண்ணைக்கு உசார் வந்துவிடும். ஆமி, பொலிஸ், ஹெலிகொப்டர், பாஸ் இல்லாமல் அடுத்த தெருவுக்குப் போகமுடியாது என்று அடுக்கிக்கொண்டே போவார். "எங்கட பலாலி உயர்பாதுகாப்பு வலயம் மாதிரித்தான், மாஸ்டர். ஆனா சாப்பாடு நல்லது." சாப்பாட்டைப் பற்றி மட்டும் அவரிடம் விபரம் தாராளமாக இருந்தது. எத்தனை கிலோ வெங்காயம், எத்தனை பெட்டி சலாட் இலை, ஒரு விருந்துக்கு எத்தனை கோப்பை கழுவ விழும். ஸ்கீயைப் பற்றிக் கேட்டால் காலைத் தடவுவார். மாஸ்டர் இதைக் கவனித்தாரோ தெரியாது. பெரிய படிப்பாளிகள் சில வேளை கவனிப்பதில்லை.

நீருக்குள் காலை ஆட்டச் சொல்லி டாவோஸ் வைத்தியர் பயிற்சி எழுதிக் கொடுத்திருந்தார். பெரியம்மா அந்தக் கடுதாசியை வாசிக்காமலே கீரிமலை என்று தீர்ப்புச் சொன்னார். தட்டையான யாழ்ப்பாணத்தில் மலை என்ற பெயராவது உள்ள இடம் அது. கடலுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் நன்னீர் ஊறும் கேணி. கீரி முகத்தோடு திரிந்த நகுல முனிவர் அங்கே முழுகித்தான் முகம் திரும்பப் பெற்றார் என்பார்கள். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் அங்கேதான் குணமாகி, மாவிட்டபுரத்துக் கந்தசுவாமி கோயிலைக் கட்டுவித்தாளாம். "குதிரை முகமே மாறினது. உன்ர கால் மாறாதோ?" என்றார் பெரியம்மா. இதற்கு எந்த எலும்பு வைத்தியரிடமும் பதில் இருக்காது.

1990க்குப் பிறகு நெடுங்காலம் அந்தக் கேணி ஆமி வலயத்துக்குள் கிடந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை போனால் குதிக்கிற பெடியளுக்கு நடுவில் நீர் தெரியாது. அண்ணை மேல் படியில் நின்று பாசியைப் பார்த்தார். ஒரு காலை வைத்து எடுத்தார். திரும்ப வைத்து எடுத்தார். மலைச்சரிவில் பாய்ந்ததாகச் சொன்ன மனிதர் பாசி பிடித்த படியில் முழங்காலளவு நீருக்குப் போக ஓட்டோக்காரத் தம்பியின் இடுப்பைக் கட்டிப்பிடித்த பிடி இருக்கிறதே, அதில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

மிச்சம் மணற்காட்டில் வெளிப்பட்டது. வடமராட்சி கிழக்கில், பழைய அந்தோனியார் தேவாலயம் பாதி புதைந்து நிற்கிற கரையில், வெள்ளை மணல் மேடு மேடாகக் கிடக்கிறது. குடாநாட்டில் சரிவென்று சொல்லக்கூடிய ஒரே சரிவு. சின்ன மருமக்கள் அண்ணையை அங்கே கொண்டுபோனதே திட்டத்தோடுதான். தென்னை மட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி, "மாமா, சறுக்கிறது எப்பிடியெண்டு சொல்லித் தாங்கோ" என்று நின்றார்கள். மாஸ்டரும் குடையோடு வந்திருந்தார்.

அண்ணை ஊன்றுகோலை மணலில் குத்தி, தொண்டையைச் செருமினார். "முழங்காலை மடி. முன்னுக்குச் சாய். கீழை பாக்காதை, தூரத்தைப் பார்." சொன்னதெல்லாம் சரிதான். முப்பது வருடமாகக் குசினி ஜன்னலால் பார்த்தவருக்கு அது தெரியாதா? சின்னவன் மட்டையில் குந்திச் சர்ரென்று கீழே வந்து மூக்கால் மணலை உழுதான்; எழும்பித் திரும்ப ஓடினான். மூத்தவள் அதற்குள் வட்ஸ்அப்பில் டாவோஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

"மாமி, இஞ்சை பாருங்கோ, மாமா ஸ்கீ பழக்குறார்!"

போனில் ஒரு சிரிப்பு வெடித்தது. கடற்காற்றையும் தாண்டி எல்லோருக்கும் கேட்டது. "ஆர், உவரோ? அந்தாள் ஏறினது குசினி லிப்ற்றிலை மட்டும்தான். குப்பை வாளியோட பின்படியிலை வழுக்கின மனிசன். விழுந்த பிறகும் வாளியை விடேல்லையாம். கேட்டுப்பார்!"

"லைன் கிளியர் இல்லை" என்று அண்ணை கையை நீட்டினார். லைன் மிகத் தெளிவாக இருந்தது. மாஸ்டர் குடையை விரித்து, தேவாலயத்தின் சுவரை ஆராயப் போனார். பிள்ளைகளுக்கு இதில் அக்கறை இல்லை. மட்டையை விட்டுவிட்டு கொனன் டொயில் முறையில் சறுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

திரும்பி வரும்போது ஓட்டோக்காரத் தம்பி நெல்லியடி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கண்ணாடியால் பார்த்துக் கேட்டான்.

"அண்ணை, ஸ்கீ ஓடி விழுந்தாலும் குப்பை கொட்டப்போய் விழுந்தாலும் அந்த 80 வீதம் ஒண்டுதானோ?"

"ஒண்டுதான்."

"பிறகேன் மாத்திச் சொன்னனீங்கள்?"

அண்ணை காலைத் தூக்கிக் குறுக்கே வைத்து வசதியாகச் சாய்ந்தார்.

"குப்பை வாளியெண்டு சொல்லியிருந்தா, மாஸ்டர் நாள் தவறாமல் வந்திருப்பாரோ?"