தேத்தண்ணிக் கிளாஸ் வாய்க்கு வரும் விதம்: வடசேரி, தென்சேரி பற்றி நாவற்குடாவிலிருந்து ஓர் ஆய்வு

நாவல் மரங்கள் நின்ற குடா ஆதலால் நாவற்குடா என்பர் ஒரு சாரார். நா வல்லவர்களின் குடா என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. இதற்குச் சான்று, கல்முனை வீதித் தேத்தண்ணிக்கடையின் காலை ஆறு மணி. தேர்தல் முதல் தேங்காய் விலை வரை அங்கே தீர்ப்பாகாத வழக்கு இல்லை. ஆனால் மேசையிலிருந்த கிளாஸ் எப்படி வாய்க்கு வந்தது என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை. அக்குறை தீர எழுந்தது இவ்வாய்வு.

1. கருதுகோள்

கண்ணகி வழிபாட்டோடு பிறந்தது மட்டக்களப்பின் கொம்பு முறித்தல். ஊர் இரண்டாகப் பிரியும்: கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி. வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பிணைத்து, இரு சேரியாரும் இழுப்பார்கள். கொம்பு முறிந்தவர் தோற்றவர். வசைப்பாட்டையும் வாங்கிக்கொண்டே வீடு போகவேண்டும். சிங்களவர் பத்தினி தெய்வத்துக்கு ஆடும் 'அங்கெலிய' இதன் உடன்பிறப்பு.

இதே இரு சேரிகள் நமது மேற்கையிலும் உண்டு என்பதே கருதுகோள். முன்புறத்து இருதலைத்தசையை வடசேரி என்க. பின்புறத்து முத்தலைத்தசையைத் தென்சேரி என்க. தென்சேரிக்கு ஒரு தலை கூடிவிட்டதே என்று வடசேரியார் முகம் கறுக்க வேண்டியதில்லை. இருதலைத்தசைக்கு அடியில் புயத்தசை என்றொருவர் இருக்கிறார். முழங்கையை மடக்குவதில் பெரும்பங்கு அவருடையது. சட்டைக்கு வெளியே புடைத்துப் பெயர் வாங்குபவர் மற்றவர். கோயில் நிர்வாக சபைகளிலும் இவ்வகையினர் உளர்.

2. விதி

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. சுருங்கி எலும்பை இழுத்த தசை, தானாகத் தன் பழைய நீளத்துக்கு மீளாது. அதை நீட்ட எதிர்ச்சேரி இழுக்க வேண்டும், அல்லது பாரம் இழுக்க வேண்டும். ஒரு மூட்டுக்கு இரண்டு சேரி வைத்த காரணம் இதுதான்.

மறுப்பு: வாவியில் கம்பு ஊன்றித் தோணியைத் தள்ளுகிறார்களே?

விடை: தள்ளுவது ஆள், தசை அன்று. தென்சேரியின் நாண் முழங்கை முனையின் பின்புறத்தில் கட்டப்பட்டிருக்கிறது. அது பின்னால் இழுக்க, கை முன்னால் நிமிர்கிறது. தோணிக்காரர் ஊன்றும் ஒவ்வொரு ஊன்றும் ஓர் இழுவையே. அவர் தோணிக்கடியில் போகும் மீனும் அப்படித்தான்: இடப்பக்கத் தசையும் வலப்பக்கத் தசையும் மாறி மாறி இழுக்க, வால் தண்ணீரை உதைக்கிறது.

3. அளவை

இருதலைத்தசையின் நாண் முழங்கை மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 அல்லது 5 சென்ரிமீற்றர் தள்ளி எலும்பில் பிடித்திருக்கிறது. கிளாஸோ 35 சென்ரிமீற்றர் அப்பால். முன்கை கிடையாக இருக்கையில், 200 கிராம் தேத்தண்ணிக்காகத் தசைகள் ஒன்றரைக் கிலோ அளவுக்கு இழுக்கின்றன. முன்கையின் சொந்தப் பாரம் வேறு. இது நட்டம் போலத் தோன்றும். ஆயினும் தசை சில சென்ரிமீற்றர் சுருங்கினால் போதும், கிளாஸ் வாய்மட்டும் வந்துவிடும். கொடுத்தது பலம், வாங்கியது தூரம்.

4. அவதானிப்பு

கிளாஸ் மேலேறியபோது இக்கட்டுரையாளர் இடக்கையால் தமது வலக்கையைப் பிடித்துப் பார்த்தார். முன்புறம் இறுகியது, பின்புறம் தளர்ந்து கிடந்தது. வடசேரிக்கு 'இழு' என்று கட்டளை போகும்போதே தென்சேரிக்கு 'விடு' என்ற தடையும் முள்ளந்தண்டுக்குள் பிறக்கிறது. இதைத் துருவி ஆராய்ந்த ஆங்கிலேயர் சார்ல்ஸ் செரிங்டன். 1932இல் எட்கார் ஏட்ரியனோடு நோபல் பரிசைப் பகிர்ந்தவர்.

அடுத்து, கிளாஸைக் கீழே வைக்கும் கட்டம். இங்கே தென்சேரி இழுக்கும் என்று எதிர்பார்த்து, பின்புறத்தை அழுத்திப் பிடித்தார். அது அசையவில்லை. இறுகியிருந்தது மறுபடியும் வடசேரியே. கிளாஸைக் கீழே கொண்டுபோவது புவியீர்ப்பு. வடசேரி அதைப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. சட்டென்று விட்டிருந்தால் கிளாஸ் உடைந்திருக்கும்.

ஐந்தாம் முறை தூக்கி வைத்தபோது கடைக்காரப் பெரியவர் பொறுமை இழந்தார்.

"என்ன மனே, கைக்கு ஏலாதா?"

"இல்ல மாமா, ஆராய்ச்சி."

"தேத்தண்ணி ஆறுது. முதல்ல குடி, மறுகா ஆராயலாம்."

5. சேரிகள் ஒத்துப்போகாத இடங்கள்

ஒரே நேரத்தில் இரு சேரியும் இழுப்பது எப்போதும் குற்றமன்று. ததும்பும் கிளாஸைச் சிந்தாமல் நிறுத்த இரண்டும் அளவாக இழுத்து மூட்டை இறுக்குகின்றன. 'விடு' என்ற கட்டளையே அற்றுப்போனால்தான் ஆபத்து. ஏற்புவலிக் கிருமியின் நஞ்சு செய்வது அதுதான். அப்போது எல்லாச் சேரியும் ஒருங்கே இழுக்க, பலமுள்ளது வெல்கிறது. தாடையை மூடும் தசைகள் திறப்பவற்றைவிட வலியவை. ஆகவே வாய் பூட்டிக்கொள்கிறது. முதுகுத் தசைகள் வலியவை. ஆகவே உடல் வில்லாக வளைகிறது. கொம்பு விளையாட்டில் முறிவது கட்டை. இங்கே முறிவது ஆள். தடுப்பூசியைத் தவறவிடாதிருப்பதே வழி.

வாவி நண்டும் ஒரு சான்று. அதன் கவ்வுகாலை மூடும் தசை பெரிது. திறக்கும் தசை சிறிது. சந்தையில் ஒரு துண்டுக் கயிறு அதை அடக்கிவிடுவது அதனால்தான். அக்கயிறு அவிழ்ந்தால் நேர்வதைப் பெரிய தசை விளக்கும்.

6. முடிபு

கிளாஸ் வாய்க்கு வருவது ஒரு சேரி இழுப்பதால் மட்டும் அன்று, மறு சேரி விடுவதாலும் என நிறுவப்பட்டது. இழுத்த சேரிக்கே தேத்தண்ணியின் புகழ் போகிறது. விட்ட சேரியை யாரும் பாடுவதில்லை என்பதும் பதிவாகிறது.

ஆய்வு நிறுவியதை வாசகர் வீட்டிலும் சோதிக்கலாம். நடுச்சாமத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால், தைலப் போத்தலைத் தேடி இருட்டில் தடுமாற வேண்டாம். முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்கள் முகத்தை நோக்கி இழுங்கள். இறுகிய கெண்டை நீளும். முன்காலின் எதிர்ச்சேரி எழுந்து இழுக்க, கெண்டைக்கு 'விடு' என்ற கட்டளையும் போகும். பெரும்பாலும் பிடிப்பு விட்டுவிடும்.