பாட்டிலில் புதைத்த மன்னிப்பு

கே: தென் ஆப்பிரிக்கப் பயண எழுத்தாளர்களில் ஒருவரைத்தான் படிக்க நேரம் இருக்கிறது. யாரைப் படிக்க?

ப: லாரன்ஸ் வான் டெர் போஸ்ட். 1906-ல் பிலிப்போலிஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1958-ல் வந்த 'தி லாஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தி கலஹாரி'யில் ஆரம்பியுங்கள்.

கே: கலஹாரி வெறும் மணல்காடு. அதைப் பற்றிப் புத்தகம் முழுக்க என்னதான் எழுதுவார்?

ப: தண்ணீரைப் பற்றி. சான் பழங்குடி வேடர் ஒருவர் மணலில் முழுக்கை ஆழத்துக்குத் தோண்டி, முனையில் புல் சுற்றிய குழலை உள்ளே இறக்கி, மூச்சைப் பிடித்து உறிஞ்சுகிறார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வாயின் ஒரு ஓரத்தில் ஏறிய நீர், மறு ஓரத்திலிருந்து ஒரு குச்சி வழியாகச் சொட்டுச் சொட்டாக நெருப்புக்கோழி முட்டை ஓட்டுக்குள் இறங்குகிறது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் குழாயை இறுக்கி மூடினேன்.

கே: அந்தப் பயணத்தில் சோடிலோ குன்றில் ஏதோ சாபமாமே?

ப: வழிகாட்டி வேட்டை கூடாது என்று எச்சரித்தும், கூட வந்தவர்கள் மிருகங்களைச் சுட்டார்கள். குன்றை அடைந்ததும் தேனீக்கள் கொட்டின, கேமரா சிக்கியது, ஒலிப்பதிவுக் கருவி நின்றது. மன்னிப்புக் கடிதம் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, பாட்டிலில் அடைத்துப் பாறை ஓவியத்தின் அடியில் புதைத்தார்கள் என்கிறார். அந்த ஓவியப் பாறைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கே: டேவிட் போவி நடித்த படத்துக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

ப: உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜாவாவில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர். அதைக் கதையாக்கிய 'தி சீட் அண்ட் தி சோவர்' நூலிலிருந்துதான் 1983-ல் இயக்குநர் ஓஷிமா அந்தப் படத்தை எடுத்தார்.

கே: அவர் எழுதியதெல்லாம் நிஜமா?

ப: இல்லை. ஜே.டி.எஃப். ஜோன்ஸ் 2001-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு, பதவியையும் நட்புகளையும் அவர் எப்படி ஊதிப் பெருக்கினார் என்று காட்டியது. அதைவிடக் கொடியது, கப்பல் பயணத்தில் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட 14 வயதுச் சிறுமியைக் கர்ப்பமாக்கினார் என்பது. எந்த அழகான வாக்கியமும் அதை ஈடுகட்டாது.

கே: பிறகும் படிக்கச் சொல்கிறீர்களே?

ப: சொல்கிறேன், அவரை நம்பாமல். சான் மக்களை மறைந்துபோகும் கனவுபோல் எழுதினார். அவர்கள் மறையவில்லை. மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் அரசின் மீது வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் போட்ஸ்வானா உயர் நீதிமன்றம், அவர்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.