போளூரிலிருந்து கடலுக்கு

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கிழக்குப் பக்கமே பார்க்கின்றன. போளூரையும் ஜவ்வாது மலையையும் சுற்றியுள்ள ஊர்களின் கணவன் மனைவியர், கையிலிருக்கும் சிறு தொகையில் ஒரு கடற்கரை நகரத்தைச் சுற்றிப் பார்க்க வழி கேட்கிறார்கள். கேள்வியும் நியாயமானது, ஆசையும் நியாயமானது.

கே: ‘கடல் பார்க்கணும்’ என்றால், ‘நம்ம ஏரியில இல்லாத தண்ணியா?’ என்கிறார் வீட்டுக்காரர். என்ன சொல்வது? (களம்பூர்)

ப: ஏரியில் அக்கரை தெரியும். கடலில் தெரியாது. ‘அந்தத் தெரியாத கரையை எனக்குக் காட்டுங்க’ என்று கேளுங்கள். வீட்டுக்காரர் பை எடுக்கப் போய்விடுவார்.

கே: நமக்குக் கட்டுப்படியாகும் கடற்கரை நகரம் எது? எப்படிப் போவது? (போளூர்)

ப: புதுச்சேரி. போளூர், காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் இருக்கிறது. விழுப்புரத்தில் வண்டி மாறினால் புதுச்சேரிக்கு 38 கிலோமீட்டர்தான். அந்தக் கிளைப் பாதையில் 1879 முதல் ரயில் ஓடுகிறது. பயணிகள் ரயிலில் செலவு குறைவு. இணைப்பு வண்டியின் நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ் என்றால் திருவண்ணாமலை போய், அங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போகலாம்.

பெண்களுக்கான இலவச ‘விடியல் பயணம்’ சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்குத்தான். வெளியூர் பஸ்ஸில் இருவருக்கும் டிக்கெட் உண்டு; கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: தங்கும் செலவே எங்களைப் பயமுறுத்துகிறது. (ஆரணி)

ப: கடலையொட்டிய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் வாடகை அதிகம். நடுவே ஓடும் வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வந்தால் வாடகை இறங்கும், கடற்கரை நடை தூரத்திலேயே இருக்கும். அரவிந்தர் ஆசிரம விருந்தினர் இல்லங்களும் உண்டு. சுத்தமானவை; குடிக்கும் புகைக்கும் இடமில்லை; இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வாசல் பூட்டப்படும். முன்பதிவு அவசியம். சீக்கிரம் படுத்து விடியலில் எழுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சட்டங்கள் சிரமமே இல்லை.

கே: பைசா செலவில்லாமல் என்ன பார்க்கலாம்? (சேத்துப்பட்டு)

ப: பட்டியல் நீளம்! மாலை 6 முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடை. அந்த நேரத்தில் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கே சொந்தம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. பஸ்ஸில் வரும் வழியில் பார்த்த செஞ்சி மலைக்கோட்டையின் உறவினர்கள் என்று நினைத்து ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் 1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை அடைக்கலம் தேடி வாழ்ந்தது இந்த ஊரில்தான். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீடு இன்று நினைவு இல்லம். மணக்குள விநாயகர் கோயிலும் அரவிந்தர் சமாதியும் அருகருகே.

கே: எனக்குச் சரித்திரம் பிடிக்கும், அவருக்குச் சாப்பாடு. ஒத்துப்போவது எப்படி? (படவேடு)

ப: காலை அவருக்கு, மதியம் உங்களுக்கு. நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் தொடங்குங்கள். தொழிலாளர் கூட்டுறவு நடத்தும் கடை, விலை பயமுறுத்தாது. யான் மார்ட்டெலின் ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையில் கதை கிளம்புவது இங்கேதான் என்று சொல்லிவிட்டால், அவருக்கு இட்லியோடு இலக்கியமும் சேர்ந்துவிடும்.

பிறகு அரியாங்குப்பம் பஸ் ஏறி அரிக்கமேடு. 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்த இடம். கண்ணுக்கு இன்று தெரிவது ஆற்றங்கரையும் மரங்களும் சில சுவர்களும்தான். அதனால் போவதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

கே: கடலில் குளிக்கலாமா? (செங்கம்)

ப: கடற்கரைச் சாலை ஓரம் வேண்டவே வேண்டாம். பாறைகளும் இழுப்பும் உண்டு. 1980-களின் இறுதியில் துறைமுகத் தடுப்புகள் கட்டியதும் மணல் நகர்வு தடைப்பட்டு, கரையே காணாமல் போனது. கடலுக்கடியில் செயற்கைத் தடுப்பு அமைத்த பிறகு, 2018 முதல் ஒரு பகுதியில் மணல் திரும்பியது. அந்த மணலில் உட்காருங்கள், கால் நனையுங்கள், போதும்.

கே: புதுச்சேரி சரி; பிரேசிலின் ரியோ நகரம் எல்லாம் நம்மால் ஆகுமா? (போளூர்)

ப: கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன்–மோகனா தம்பதிக்கு ஆனது. தினமும் 300 ரூபாய் போல எடுத்துவைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து உழைத்து அடைத்தார்கள். 2007-இல் தொடங்கி, பிரேசில் உட்பட இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தே பார்த்தார்கள். விஜயன் 2021 நவம்பரில் காலமானார்.

ரியோவிலும் சிக்கனத்துக்கு இடமுண்டு. 4 கிலோமீட்டர் நீளக் கோபகபானா உள்பட அந்நாட்டுக் கடற்கரைகள் சட்டப்படி பொதுமக்களுக்கானவை. சிலி நாட்டுக் கலைஞர் செலரோன் 1990 முதல் ஓடு பதித்த படிக்கட்டைப் பார்க்கவும் காசில்லை. தட்டை எடைபோட்டுக் கிலோ கணக்கில் பணம் வாங்கும் உணவகங்கள் ஏராளம்; பசிக்கு ஏற்ற பில். ஒரு எச்சரிக்கை: பிரேசிலிலிருந்து இந்தியா திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

கே: எங்கள் மலைக்கும் ரியோவுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (ஜமுனாமரத்தூர்)

ப: பலாப்பழம்! போர்ச்சுக்கீசியர் நம் நாட்டிலிருந்து கொண்டுபோன பலா, ரியோ நகருக்குள்ளேயே இருக்கும் திஜூக்கா காட்டில் அந்த மண்ணின் மரங்களை நெருக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது. அதைக் கட்டுப்படுத்தவே ஆட்கள் வேலை செய்கிறார்கள். பதிலுக்கு பிரேசிலிலிருந்து நமக்கு வந்தது முந்திரி. பாயசத்தில் போடும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

கே: சரி, புதுச்சேரிக்கு எப்போது கிளம்பலாம்? (போளூர்)

ப: ஞாயிறு. சனிக்கிழமைக் கூட்டம் ஊர் திரும்பும் நேரத்தில் நீங்கள் போய்ச் சேருவீர்கள். மகாத்மா காந்தி சாலையின் ஞாயிறு சந்தையில் துணிமணி மலிவு. மறுநாள் முதல் அறை வாடகையும் குறையும். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அதைச் செவ்வாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிறுக்கு அறை சொல்லிவைக்கும் வேலையை இன்றே முடித்துவிடுங்கள். இருவரும் சேர்ந்தே போய் வாருங்கள்.