சுட்ட பதிவா, சுடாத பதிவா?

கே: கட்டுரையின் அடியில் 'நன்றி: கூகுள்' என்று போட்டால் போதாதா? (மாணவர், திருச்சி)

ப: பக்கத்து வீட்டு மாங்காயைப் பறித்துவிட்டு, ஏறிய ஏணிக்கு நன்றி சொல்கிறீர்கள். மரத்துக்காரர் பெயரைச் சொல்லுங்கள்.

கே: இணையத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்துதானே கிடக்கிறது? எடுத்தால் என்ன தப்பு? (ஈரோடு)

ப: கொடியில் காயும் வேட்டியும் எல்லோரும் பார்க்கத்தான் தொங்குகிறது. படிக்கத் திறந்து வைப்பது வேறு, கட்டிக்கொண்டு போகக் கொடுப்பது வேறு.

கே: என் கவிதைகளை எங்கும் பதிவு செய்யவில்லை. உரிமை உண்டா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

ப: எழுதிய கணமே உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. வழக்கு என்று வந்தால் சாட்சிக்கு உதவும், அவ்வளவே. பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகா ஒருத்தி தாயாகிறாள்?

கே: உரிமை எத்தனை காலம் நிற்கும்? (மதுரை)

ப: எழுதியவரின் ஆயுள், அதன்பின் 60 ஆண்டு. முன்பு 50தான். 1941இல் மறைந்த தாகூரின் உரிமை 1991 முடிவில் காலாவதியாக இருந்ததால் பத்தைக் கூட்டினார்கள். வங்கக் கவிஞரின் புண்ணியத்தில் நம்மூர் எழுத்தாளர் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் பத்தாண்டு போனஸ்.

கே: பாரதியார் பாட்டை மட்டும் யார் வேண்டுமானாலும் பாடுகிறார்களே? (இசை ஆசிரியை, தஞ்சாவூர்)

ப: சும்மா கிடைத்த சுதந்திரம் இல்லை அம்மா அது. பாரதி 1921இல் மறைந்தபோது குடும்பத்துக்கு மிஞ்சியது வறுமை. உரிமை கைமாறியது. இசைத்தட்டு, சினிமாவுக்கான உரிமை படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் கைக்குப் போனது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்க்க, தகராறு வெடித்தது. பாரதி ஒருவரின் பெட்டிக்குள் இருப்பதா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். 1949இல் சென்னை மாகாணத்தின் ஓமந்தூரார் அரசு உரிமையைப் பெற்றது. மெய்யப்பன் தன் பங்கைக் காசு வாங்காமலே கொடுத்தார். பிற்பாடு பாரதி பொதுச்சொத்து ஆனார்.

அவர் எழுதாத வரிகளை அவர் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்களே, அதுவும் திருட்டுதான். அடுத்தவர் சரக்கைத் தன் பெயரில் விற்பது ஒரு வகை. தன் சரக்கை மீசைக்காரர் தலையில் கட்டுவது இன்னொரு வகை.

கே: 'பிளேஜியரிசம்' எங்கிருந்து வந்த சொல்? (பெங்களூரு)

ப: லத்தீனில் 'பிளேஜியேரியஸ்' என்றால் ஆள் கடத்துபவன். தன் கவிதைகளைச் சொந்தச் சரக்காகப் படித்துக் காட்டிய ஒருவனை முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் மார்ஷியல் அப்படித்தான் ஏசினார். நம்மூர் மொழியில், பிள்ளை பிடிப்பவன். பெற்றவருக்குத்தானே வலி தெரியும்!

கே: நான் சொன்ன கதைக்கருவை வைத்து ஒருவர் படமே எடுத்துவிட்டார்! (உதவி இயக்குநர், வடபழனி)

ப: வலி புரிகிறது தம்பி. ஆனால் கருவுக்குப் பூட்டு கிடையாது. 'நியூ டெல்லி' படம் தன் நாடகத்தின் நகல் என்று ஆர்.ஜி. ஆனந்த் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1978இல் தோற்றார். அரிசி பொது, ஆக்கிய சோறுதான் சொந்தம். இனிமேல் வாயால் சொல்லாதீர்கள். முழுசாக எழுதி, தேதி போட்டு, மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

கே: என் கட்டுரையை ஒரு தளம் அப்படியே ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறது. சண்டை போடட்டுமா? (சேலம்)

ப: முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் சண்டை. அவர்களின் பதிவை ஏற்றி வைத்திருக்கும் இணைய நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2013 பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் பதிவை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். திருடியவர் ஒரு நிமிடத்தில் முடித்த வேலைக்கு நீங்கள் மூன்று வாரம் அலைய வேண்டும். இது எனக்குப் பொறுக்கவில்லை.

கே: அப்படியானால் ஒரு பத்தியைக்கூட எடுத்தாளக் கூடாதா? (நூலகர், திருநெல்வேலி)

ப: தாராளமாக. விமர்சனம், செய்தி, சொந்தப் படிப்பு இவற்றுக்கெல்லாம் சட்டமே 52ஆம் பிரிவில் கதவு திறந்து வைத்திருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடைமேல் பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016இல் உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. உரிமை உரிமை என்று கத்தும் நானே அன்று கை தட்டினேன். ஏழை மாணவர் படிப்பது திருட்டாகாது.

கே: எந்திரம் எழுதிய கவிதைக்கு யார் உரிமையாளர்? (கோவை)

ப: அமெரிக்க நீதிமன்றத்தில் ஒரு குரங்கு இதற்கு வழி காட்டியது. இந்தோனேசியக் காட்டில் புகைப்படக்காரர் டேவிட் ஸ்லேட்டரின் கேமராவில் அது எடுத்த செல்ஃபி 2011இல் உலகம் சுற்றியது. விலங்கு அமைப்பு ஒன்று குரங்குக்காக வழக்குப் போட்டது. குரங்குக்கு இந்தச் சட்டத்தில் வழக்காட இடமில்லை என்றது 2018 தீர்ப்பு. எந்திரத்துக்கும் அங்கே அதே கதிதான், மனிதர் கை பட்டால்தான் உரிமை. குரங்காவது சிரித்தது!

கே: உரிமையைப் பதிப்பாளருக்கு விற்றுவிட்டேன். பெயரும் போச்சா? (புதுச்சேரி)

ப: போகாது. 57ஆம் பிரிவு உங்கள் பெயருக்குக் காவல். காணியை விற்றாலும் வெட்டிய கிணறு நீங்கள் வெட்டியதுதான்.

கே: பாட்டி சொன்ன கதைகளைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறேன். உரிமை எனக்குத்தானே? (நாகர்கோவில்)

ப: எழுதிய நடை உங்களுடையது, உரிமையும் உங்களுடையது. அது இருக்கட்டும், ஒரு பக்கக் கடிதத்தில் பாட்டியின் பெயரை எங்கேயும் எழுதவில்லையே?