தானாகக் கிளம்பிப் போன பைக்

பெருமதிப்பிற்குரிய காவல் நிலையத்தாருக்கு,

என் பைக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று நேற்று தங்களிடம் எழுதிக் கொடுத்த ஆள் நான்தான். தங்கள் எழுத்தர் புகாரைப் படித்துவிட்டு ஒரு வரியைப் பேனாவால் அடித்தார். “திருட்டுன்னு எழுதாதப்பா. நீ பாத்தியா? காணலைன்னு எழுது” என்றார். வேறு தாளில் எழுதவும் சொன்னார். நிலையத்தில் தாள் இல்லை. எதிர்க்கடையில் ஏ4 கட்டு ஒன்றாகவே வாங்கி வரச் சொன்னார். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தாள். மிச்சமெல்லாம் சட்டம் ஒழுங்குக்கு.

அப்போதுதான் எனக்கு விவரம் புரிந்தது. சைடு லாக் போட்டு, சாவியை எடுத்து, காய்கறிக் கடை வாசலில் நிறுத்திய வண்டி, பூட்டைத் தானே திறந்து, கிக்கரைத் தானே உதைத்து, தானாகக் கிளம்பிப் போயிருக்கிறது. திருடன் என்று ஒருவன் தங்கள் எல்லைக்குள் எப்படி இருக்க முடியும்? இருந்தால் கணக்கில் வந்திருப்பானே!

சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தீர்கள், நன்றி. எஃப்.ஐ.ஆர். கேட்டேன். “அதெல்லாம் அய்யா வரணும்” என்றார்கள். அய்யா பந்தோபஸ்தில் இருந்தார். இன்சூரன்ஸ்காரரோ எஃப்.ஐ.ஆர். நகலும், வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று தாங்கள் தரும் சான்றும் இருந்தால்தான் பணம் என்கிறார். தானாகப் போன வண்டிக்கு அவரிடம் பாலிசி இல்லையாம். தங்கள் அளவுக்கு அவருக்கு ஞானம் முற்றவில்லை.

சட்டம் தெரியாதவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலிருந்தே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீரவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தரச் சொல்வதும் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். “என்ன, சட்டம் பேசுறியா?” என்றார் எழுத்தர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் விவேகியானேன்.

காவல் நிலையத்தில் குடிமகனுக்கு வேண்டிய விவேகம் கொஞ்சம்தான். குரலை உயர்த்தக் கூடாது. போனை வெளியே எடுக்கக் கூடாது. வாக்கியத்துக்கு ஒரு ‘சார்’ குறையக் கூடாது. உரிமைகளை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வருவது நல்லது. தங்கள் வளாகத்தில் அவையும் தானாகக் காணாமல் போய்விடுகின்றன.

கைது செய்யும்போது போலீஸ் நடந்துகொள்ள வேண்டிய விதிகளை டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்து, எல்லா நிலையங்களிலும் கண்ணில் படும் இடத்தில் மாட்டவும் சொன்னது. தாங்களும் மாட்டியிருக்கிறீர்கள். பலகைக்கு முன்னால் ஒரு இரும்பு பீரோ நிற்கிறது. அதன் தலைக்கு மேலே முதல் விதி மட்டும் எட்டிப் பார்க்கிறது: கைது செய்பவரும் விசாரிப்பவரும் பெயர் தெளிவாகத் தெரியும் பட்டை அணிய வேண்டும். எழுத்தர் சட்டையில் பட்டை இல்லை. பீரோவும் அங்கே தானாக நடந்து வந்திருக்கும்.

கேமராக்களையும் பார்த்து மகிழ்ந்தேன். எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உத்தரவானது. கழிப்பறைக்கு வெளியேயும் வேண்டும், உள்ளே மட்டும் கூடாது. அந்த உள்ளேதான் பிடிபட்டவர்கள் தானாக வழுக்கி விழுந்து, மறுநாள் மாவுக்கட்டோடு போட்டோவுக்கு நிற்கிறார்கள். அதே தரையில் தினமும் நடக்கும் போலீஸ்காரர் எவரும் வழுக்குவதில்லை. பூட்ஸ் நல்ல பூட்ஸ்.

சாத்தான்குளத்திலும் தானாகத்தான் நடந்தது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் தாண்டியும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகப் பிடித்துப்போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் தரையில் தாங்களே உருண்டு புரண்டு உள்காயம் பட்டுக்கொண்டதாக எஃப்.ஐ.ஆர். சொன்னது. நிலையத்தின் கேமரா பதிவு அன்றன்றைக்குத் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டார். அந்த மாஜிஸ்திரேட்டையே ஒருமையில் ஏசிய துறை, என்னை ‘அப்பா’ போட்டுப் பேசியது பெருந்தன்மை.

மகன் 22ஆம் தேதி செத்தார், தகப்பன் 23ஆம் தேதி. அவர்களும் தானாகவா செத்தார்கள்? அடித்தீர்கள். விடிய விடிய அடித்தீர்கள். 2025 ஜூனில் மடப்புரம் கோவில் காவலாளி தனிப்படையிடம் அடிபட்டுச் செத்தார். அவர் விஷயத்திலும் வந்தது நகை காணவில்லை என்ற புகார்தான். பறிகொடுத்தவன் வந்தால் திருட்டு என்று எழுத மாட்டீர்கள். ஏழை ஒருவன் கையில் கிடைத்தால் திருடன் என்று அடித்துக் கொல்வீர்கள். பெஞ்சில் இருந்த இருவரும் ஏன் தலையைக் குனிந்தார்கள் என்று தங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இந்தப் பயத்துக்குத்தான் ஒத்துழைப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

மன்னிக்க வேண்டும், ஐயா. ஏ4 கட்டைச் சுமந்து வந்த களைப்பில் ஏதோ பேசிவிட்டேன்.

தங்கள் நேரத்தை மேலும் வீணாக்க விரும்பவில்லை. ஒன்றிரண்டு விண்ணப்பங்கள் மட்டும். பைக் மனம் திருந்தித் தானாகத் திரும்பி வந்தால், அதை நிலைய வாசலில் மற்ற வண்டிகளோடு துருப்பிடிக்க விடாமல் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பவும். எனக்குப் பின் வருகிறவர்களுக்குத் தாள் தட்டுப்பாடு இல்லை என்று தெரிவிக்கவும். முந்தாநாள் வந்தவரும் ஒரு கட்டு வாங்கிக் கொடுத்ததாக எதிர்க்கடைக்காரர் சொன்னார்.

அதே 173ஆம் பிரிவு, நிலையத்தில் பதிய மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம் என்கிறது. அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். என் முதல் புகாரை, அடிக்கப்பட்ட வரியோடு அப்படியே, இன்று தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பிவிட்டேன். அதில் ‘திருட்டு’ என்றுதான் இருக்கிறது. தபால் தானாகப் போய்விட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. அனுப்பியது நான்.

இப்படிக்கு,
தங்கள் எல்லையில் நடந்து போகும் குடிமகன்